தண்ணீர் இல்லாத எஞ்சினுக்கு ஒரு சூடாக்கி

இந்தத் தை மாதம் ஒரு காலை, டோர்ட்மண்டில் மகள் வீட்டில் இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டிருந்தேன். மகள் கைபேசியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னாள்: “கார் சூடாகுது அப்பா. ஆறுதலாச் சாப்பிடுங்கோ.” கார் மூன்று மாடி கீழே, தெருவோரத்தில் நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்து சொதி புரைக்கேறிவிட்டது. அவளுக்கு ஏனென்று விளங்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் எனக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான வேலை, பீலெஃபெல்டுக்கு வெளியே ஒரு பால் பண்ணையில். முப்பத்திரண்டு மாடுகள், ஒரு நாய், என்னைவிட ஒரு வயது மூத்த பச்சை ட்ரக்டர் ஒன்று. எல்லாவற்றையும் தனி ஆளாக நடத்தியவர் அன்னெக்ரேட் என்ற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். வேலை கேட்டுப் போனபோது, “ட்ரக்டர் தெரியுமோ?” என்றார். அவர் பேசியது டொச், அதாவது ஜெர்மன் மொழி. எனக்கு எப்போதும் எங்கள் தமிழிலேயே ஞாபகம் வருகிறது. “ஓம், நல்லாத் தெரியும்” என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஊரில் ட்ரக்டர் பெட்டியில் வெங்காய மூட்டைகளுக்கு மேல் ஏறியிருந்து சந்தைக்குப் போன அனுபவம் எனக்கு நிறைய உண்டு. ஓட்டியது வேறு ஆட்கள். வேலை இருந்தால்தான் விசா என்ற காலத்தில் அந்தச் சின்ன வித்தியாசத்தை யார் பார்த்தார்கள்?

கோடையில் சமாளித்தேன். மார்கழி வந்ததும் ட்ரக்டர் என்னைக் காட்டிக்கொடுக்கத் தொடங்கியது. திறப்பைப் போட்டுத் திருப்பினால், சளி கட்டிய நெஞ்சோடு யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. எண்ணெய் குளிரில் பாகாய் இறுகிப் போய்விடும். தீவனம் இழுக்க, சாணம் தள்ள, பனி வழிக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ட்ரக்டர்தான். ஒருநாள் அன்னெக்ரேட் பால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். “இந்த மாரிக்குளிருக்கும் இப்பிடி இழுபட்டால் மாடுகளை வித்துப்போட்டுப் போகவேண்டியதுதான்” என்றார். மாடுகள் போனால் நானும் போகவேண்டியதுதான்.

பிறகு எழுந்து, ட்ரக்டர் சாமான்களின் படமும் விலையும் போட்ட ஒரு தடித்த கற்றலொக்கை என் கையில் தந்தார். “எஞ்சின் சூடாக்கி ஒண்டு பாத்து எடுங்கோ. ட்ரக்டர் தெரிஞ்ச ஆள் நீங்கள்தானே.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பன் குகனின் அறைக்குக் கற்றலொக்கைக் கொண்டுபோனேன். குகனிடம் பழைய கார் ஒன்று இருந்தது. ஆகவே எங்கள் வட்டத்தில் அவன்தான் எஞ்சின் நிபுணன். கோழிக்கறி அடுப்பில் கொதிக்க, அகராதியும் கையுமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். கடைசியில் குகன் விரலை வைத்தான். “அண்ணை, இதுதான் சாமான். ரேடியேற்றர் குழாயை வெட்டி இடையில பூட்டினால், தண்ணி சூடாகி எஞ்சின் முழுக்கச் சுத்தும்.” படத்திலும் பெரிதாக இருந்தது. அனுப்பச் சொல்லிக் கடைக்கு எழுதிப் போட்டோம்.

பொதி வந்த அன்று ட்ரக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு ரேடியேற்றர் குழாயைத் தேடினேன். ஒரு மணித்தியாலம். முன்னால், பின்னால், எங்குமில்லை. அன்னெக்ரேட் கோப்பியோடு வந்து குனிந்தார்.

“என்ன தேடுறீங்கள்?”

“தண்ணிக் குழாய்.”

அவர் கோப்பியை நிலத்தில் வைத்தார். ட்ரக்டரின் பெரிய சில்லில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “இது காத்தில ஆறுற எஞ்சின். இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது.” சிரிப்பு நின்றது. “ட்ரக்டர் தெரியும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

படுத்தபடியே உண்மையைச் சொன்னேன், வெங்காய மூட்டை உட்பட. நிமிர்ந்து சொல்லத் துணிவு வரவில்லை. அங்கிருந்து அவருடைய சப்பாத்து மட்டுமே தெரிந்தது. மேலேயிருந்து குரல் வந்தது: “சரி. இனி எண்டாலும் முதல்ல எஞ்சினைப் பாருங்கோ, பிறகு கற்றலொக்கைப் பாருங்கோ.”

பார்த்தேன். அந்தக் கிழமை முழுக்கப் பார்த்தேன். தண்ணீர் இல்லையென்றால் எண்ணெயைத்தான் சூடாக்கவேண்டும். எண்ணெய் அளக்கும் கம்பியின் இடத்தில் செருகும் சூட்டுக்கம்பி ஒன்று இருந்தது. விரல் தடிப்புக்கூட இல்லை, அவ்வளவு எண்ணெய்க்கு அது எந்த மூலைக்கு? ஒட்டிவிடும் சூட்டுத் தகடு இருந்தது. ஆனால் எங்கள் எஞ்சின் அடிப்பாகம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும், பசை நிற்காது. காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் சூடாக்கி மிஞ்சியது. எண்ணெய்த் தொட்டி இரும்பென்றால் பிடிக்கும், அலுமினியம் என்றால் விழுந்துவிடும். முதல் பொதியைப்போல இதையும் திருப்பி அனுப்ப எனக்கு முகம் இல்லை. அன்னெக்ரேட்டின் பிரிஜ்ஜில் பால் லொறி வரும் நாள் அட்டவணையைப் பிடித்திருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அடியில் தடித்திருந்த அழுக்கை உளியால் சுரண்டி, காந்தத்தை நீட்டினேன். டக்கென்று பிடித்தது. அந்தச் சத்தத்துக்கு நான் போட்ட கூச்சலில் நாய் குரைத்தது.

சூடாக்கி வந்தது. வைக்கோலை எட்டத் தள்ளிவிட்டு, பால் கறக்கத் தொடங்குமுன் அதன் மின்கம்பியைச் செருகிவிடுவேன். கறந்து முடிக்கும்போது கொட்டில் முழுக்க இளஞ்சூட்டு எண்ணெய் மணம் பரவியிருக்கும். இன்றும் எங்காவது கராஜைத் தாண்டும்போது அந்த மணம் வந்தால் நடை தானாகவே மெதுவாகும்.

மாசியில் முழங்கால் அளவு பனி கொட்டியது. பால் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. லொறிச் சாரதி பெரிய தெருவில் நின்று தொலைபேசினார்: பண்ணைப் பாதை திறக்காவிட்டால் இருபது நிமிடத்தில் போய்விடுவாராம். அவர் போனால் இரண்டு நாள் பால் வாய்க்காலுக்குத்தான். ஓடிப்போய் ட்ரக்டரில் ஏறினேன். முதல் திருப்பலில் ஒரு இருமல். இரண்டாவதில் பச்சைக் கிழவர் கருப்புப் புகையைக் கக்கிக்கொண்டு எழும்பிவிட்டார்.

“போங்கோ, போங்கோ!” என்று அன்னெக்ரேட் கத்தினார்.

போனேன். பாதையைத் திறந்தேன், கூடவே தபால் பெட்டியையும் வேரோடு பிடுங்கிவிட்டேன். லொறி வந்தது, பால் போனது. அன்று மதியம் அவர் உருளைக்கிழங்கு அடை சுட்டுத் தந்தார். “ஒரு மாடும் விக்கிறேல்லை” என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடத்துக்கான என் வேலை ஒப்பந்தத்தில் எண்ணெய் விரலோடு கையெழுத்திட்டார். அந்தக் கறையோடுதான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதைக் கொடுத்தேன்.

பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தேன். பிறகு அவருக்கு முழங்கால் முடியாமல் போய், மாடுகளை ஒரே நாளில் ஏற்றி அனுப்பினார். கொட்டில் இப்போது நான்கு வீடுகள். பால் தொட்டி இருந்த இடத்தில் யாரோ சைக்கிள் நிறுத்துகிறார்கள். முழங்கால் அளவு பனியும் அந்தப் பக்கம் வருவதில்லை. அன்னெக்ரேட் அண்மையில்தான் நகரத்து அடுக்குமாடி ஒன்றுக்கு வந்தார். போன மாதம் அவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். பால் பெட்டிகள் அடுக்கிய தட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“நான் பிறந்ததில இருந்து கடையில பால் வாங்கினதே இல்லை. மாடுகள் போனபிறகும் பக்கத்துப் பண்ணையில இருந்துதான் வந்தது” என்றார். “இதில எதை எடுக்கிறது?”

நான்கைந்து பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.