பெருந்தேவி போடாத பூஜ்யம்

பெருந்தேவி உட்கார்ந்து பார்த்தவர்கள் சின்ன காஞ்சிபுரத்தில் குறைவு. கல்யாணத்தன்று மணையில் உட்கார வைத்தார்கள்; அப்போதுகூட மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் எழுந்துபோய், சமையல்காரர் உப்பு சரியாகப் போட்டாரா என்று பார்த்துவிட்டு வந்தாள் என்று அவள் நாத்தனார் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள். கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் அவள் நடந்து நடந்தே வகுப்பறைத் தரையில் பள்ளம் விழுந்தது. மழைக்காலத்தில் அதில் தவளை கத்தும்.

அப்பேர்ப்பட்டவள் இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் சித்திரையில் வேலையை விட்டாள். காரணம் புடவை. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களிடம் பட்டுப் புடவை வாங்கி, போட்டோ எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரே புடவையை ஐந்து பேர் கேட்பார்கள். ஒருத்திக்குக் கொடுத்தால் மற்ற நாலு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கத்தரிப்பூக் கலர் புடவை ஒன்றால் நியூஜெர்சியில் அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யார் முதலில் பணம் கட்டினாளோ அவளுக்கே புடவை என்று ஒரு மிஷின் நியாயம் சொல்லட்டும், இன்டர்நெட்டில் கடை போடலாம் என்று முடிவு செய்தாள்.

பள்ளிக்கூடத்துத் தாளாளர் அவளை அறிந்தவர். "ஆவணி வரைக்கும் உங்க இடத்துல யாரையும் போடமாட்டேன் டீச்சர்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைத் தூங்கவிடவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்குள் கடை காலூன்றவில்லை என்றால் திரும்பிப் போய் அவர் முன்னால் நிற்க வேண்டும்.

கடைக்குச் சாஃப்ட்வேர் தேட வேண்டும். காந்தி ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சுகாசினி அவளுடைய பழைய மாணவி. அங்கே போய் நின்றாள்.

"உக்காருங்க டீச்சர். நீங்க சுத்திக்கினே இருந்தா ஃபேன் எதுன்னு தெரியல."

"நீ தேடுடி. கஷ்டமில்லாம இருக்கணும், கூப்ட்டா ஒரு மனுஷன் பேசணும். அவ்ளோதான்."

முதலில் ஓசியில் கிடைத்த அயல்நாட்டுச் சரக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு புடவையை ஏற்றுவதற்குள் அது காலணி அளவு கேட்டது, சட்டைக் கழுத்தளவு கேட்டது. சந்தேகம் கேட்க ஆளில்லை. எல்லாரும் எல்லாரையும் கேட்டுக்கொள்ளும் பக்கம் ஒன்றுதான் இருந்தது. பெருந்தேவி கேட்டாள். போலந்திலிருந்து ஒருவன், "எனக்கும் அதே சிக்கல், உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று பதில் போட்டான்.

இரண்டாவது சென்னைக் கம்பெனி. டை கட்டிய ஒருவன் வீட்டுக்கே வந்து லேப்டாப்பைத் திறந்து கண்ணைப் பறிக்கிற மாதிரி காட்டினான். பெருந்தேவி தன் பரீட்சையை வைத்தாள். கணவர் ஹயக்ரீவனைக் கூப்பிட்டு, "இதுல ஒரு புடவையை ஏத்துங்கோ" என்றாள். ஹயக்ரீவன் பாங்க் கேஷியர். டிவி ரிமோட்டைத் தலைகீழாகப் பிடிக்கிறவர். அவர் ஏற்ற முடிந்தால் உலகத்தில் யாரும் ஏற்றலாம் என்பது அவள் கணக்கு. அவர் எதை அழுத்தினாரோ, கேமராவில் கடைசியாக இருந்த அவர் படமே ஏறிவிட்டது. முகூர்த்தப் பட்டு வரிசையில் பனியனோடு ஹயக்ரீவன், பத்து சதவீதத் தள்ளுபடியில்.

"யாராவது கேட்டா குடுத்துடுவியா?"

"தள்ளுபடியைப் பாத்தே சந்தேகப்பட்டு ஓடிடுவா. சித்த சும்மா இருங்கோ."

படத்தை எடுப்பது எப்படி என்று அந்தக் கம்பெனிக்கு போன் போட்டாள். இருபத்துநாலு மணி நேர உதவி என்றவர்கள் இருபத்துநாலு மணி நேரமும் பாட்டு வாசித்தார்கள். சாதம் வடித்து, சாற்றுமுது வைத்து, அப்பளம் பொரித்தாள், பாட்டு நிற்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்த பக்கத்து வீட்டுக் குழந்தை அதை அந்த வருஷம் நவராத்திரிக் கொலுவில் பாடிச் சுண்டல் வாங்கியது.

மூன்றாவது கோயம்புத்தூர்க் கம்பெனி. இரண்டாவது மணியிலேயே போனை எடுத்தவன் பெயர் இளங்கோவன். வேண்டுமென்றே சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டு, ஒன்பது கஜத்துக்கும் ஆறு கஜத்துக்கும் தனித்தனியாகத் தபால் செலவு போட முடியுமா என்று மடக்கினாள்.

"தெரியலைங்க மேடம். கேட்டுட்டுக் கூப்புடறேனுங்க."

கூப்பிட்டான், வழியும் சொன்னான். ஹயக்ரீவன் ஒரே மூச்சில் புடவையை ஏற்றினார், அதுவும் புடவையையே ஏற்றினார். தெரியாததைத் தெரியாது என்றவனிடமே பெருந்தேவி வாங்கினாள்.

ஆனியில் கடை திறந்தது. முதல் வாரமே சிங்கப்பூரில் ஒரு கல்யாணப் பெண், மயில்கழுத்து பார்டர் போட்ட அரக்குப் புடவைக்குப் பணம் கட்டினாள். மிஷின் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இருப்பில் பூஜ்யம் போட்டு, படத்துக்கு அடியில் சிவப்பில் ‘ஸ்டாக் இல்லை’ என்று எழுதியது.

பெருந்தேவி அதைப் பார்த்தது வெள்ளிக்கிழமை காலை, விளக்கேற்றிவிட்டு சுகாசினியின் சென்டருக்கு வந்து. அந்த வீட்டில் அரிசிப் பானை காலியானால் ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்வார்கள். ஊரில் எந்தப் பட்டுக்கடையிலும் கேட்ட கலர் தீர்ந்துபோனால் ‘வந்துண்டிருக்கு’ என்பார்களே தவிர, வாய் தவறியும் ‘இல்லை’ என்ற வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். புதுக் கடை, வெள்ளிக்கிழமை, அதுவும் ரத்தச் சிவப்பில். பூஜ்யத்தை அழித்து, மங்களமாக இருக்கட்டும் என்று பதினொன்று போட்டாள். சிவப்பு மறைந்தது. அன்றைக்கு முழுக்க மனசு நிம்மதி.

அடுத்த வெள்ளிக்கிழமை சிங்கப்பூர்ப் பார்சலை அனுப்பிவிட்டு சுகாசினியிடம் வந்து மெயிலைத் திறந்தால், பெங்களூரிலிருந்து வடிவாம்பாள் என்கிற அம்மாள், பெண்ணுக்குக் கூரைப்புடவையாக அதே அரக்கைப் பணம் கட்டி வாங்கியிருந்தாள். ஆவணியில் கல்யாணம்.

இளங்கோவனுக்கு போன் போட்டுக் கத்தினாள். "என்ன சாஃப்ட்வேர் குடுத்திருக்கேள்? ஒரே புடவையை ரெண்டு பேருக்கு வித்திருக்கு!"

அவன் பார்த்துவிட்டு வந்தான். "மேடம், அது பூஜ்யம்தானுங்க போட்டுச்சு. போன வெள்ளிக்கெழம காலைல யாரோ பதினொண்ணுன்னு மாத்தியிருக்காங்க."

அவன் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. சுகாசினி நாற்காலியோடு திரும்பினாள். "எங்க கிளாஸுக்கே கூடை கூடையா முட்டை போட்டீங்க. ஒரு பொடவைக்குப் போட மனசு வரலியா?"

"சும்மா இருடி. தம்பி, ஏதாவது பண்ணுங்கோ."

"அந்த செவப்பு எழுத்தை எடுத்துப்போட்டு ‘தறியில் இருக்கிறது’ன்னு போட்டுக் குடுக்கறேனுங்க. ஆனா பெங்களூர்க்காரங்ககிட்ட நீங்கதான் பேசோணும். அதுக்கு எங்ககிட்ட பட்டன் இல்லீங்க."

பெருந்தேவி பிள்ளையார்பாளையத்துக்குப் பறந்தாள். தறியில் ஒரு பாவு நூல் ஏற்றினால் அதில் மூன்று புடவை நெய்வார்கள். அரக்கின் கூடப் பிறந்தது ஒன்றாவது மிச்சமிருக்கும் என்று ஒரு ஆசை. தறிக்காரர் திருஞானசம்பந்தம் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கையை விரித்தார்.

"மத்த ரெண்டும் குறுக்கே ஓடற ஊடை நூலை மாத்திப் பச்சையா போயிடுச்சு டீச்சரம்மா. புதுப் பாவு ஏத்தினா ஆவணி தாண்டிடும்."

வீட்டில் ஹயக்ரீவன் வழி வைத்திருந்தார். "அந்த மாதுளைக் கலர் இருக்கே, அதை அனுப்பிடேன். போட்டோல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியறது. கல்யாணச் சந்தடியில யார் பாக்கப் போறா?"

மாதுளையை எடுத்து விரித்தாள். அரக்கு மாதிரிதான் இருந்தது. மடித்து டப்பாவில் வைத்தாள், எடுத்தாள். கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடந்தாள். பெங்களூர் அம்மாள் டப்பாவைப் பிரிக்கிற முகம் கண்ணில் வந்தது. பின்னாலேயே தாளாளரின் சிரிப்பும் வந்தது. போனை எடுத்தாள்.

"நமஸ்காரம், காஞ்சிபுரத்துலேர்ந்து பேசறேன். நீங்க பணம் கட்டின அரக்குப் புடவை..." வெளியே வாசலில் வெள்ளிக்கிழமை மாக்கோலம்கூட அழியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். "இல்லை. வித்துடுத்து. தப்பு என்னோடது. பணத்தை இன்னிக்கே திருப்பிடறேன்."

வடிவாம்பாள் ஆரம்பித்தாள். பொண்ணு அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து ஊரெல்லாம் காட்டிவிட்டது, பிளவுஸ்காரி நாள் குறித்துவிட்டாள், இது ஒரு கடையா, நீ ஒரு மனுஷியா? பெருந்தேவி எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றாள். திட்டி ஓய்ந்து அந்தம்மாள் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"சரி, வேற என்னதான் வெச்சிருக்கே?"

"மாதுளைக் கலர் ஒண்ணு இருக்கு. அரக்கு மாதிரியே இருக்கும், ஆனா அரக்கு இல்லை. பார்டரும் வேற."

"அதைச் சொல்ல வேண்டியதில்லை, நானே பாத்துக்கறேன். கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். மொதல்ல அந்த அரக்கை எடு. அது போனாத்தான் இதுக்குப் பணம் கட்டுவேன்."

லைனை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, ஹயக்ரீவனின் செல்போனை வாங்கி சுகாசினியைப் பிடித்தாள். "அந்த அரக்குக்குப் பூஜ்யம் போடுடி."

"வெள்ளிக்கிழம டீச்சர்."

"தெரியும். போடு."

ஒரு காதில் சுகாசினி விசையைத் தட்டும் சத்தம் கேட்டது. மற்ற காதில் வடிவாம்பாள், "ம், செவப்புல ‘இல்லை’ன்னு வந்துடுச்சு. இப்ப அந்த மாதுளை முந்தியில என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்றாள்.