தம் கட்டுரையைத் தாமே மறுத்தவர்

கூடலூரிலிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர்தான் சின்னமனூர்ச் சந்தையில் என்னிடம் சொன்னார். "நம்ம ஆசுபத்திரி டாக்டரு போயிட்டாகய்யா. வாந்திபேதி. அங்கனயே மலையடிவாரத்துல அடக்கம் பண்ணிட்டாக." உத்தமபாளையம் ஆசுபத்திரியில் பல ஆண்டுகள் இருந்து, பிறகு அணை வேலைக்கு மலையேறும் கூலியாட்களுக்கு மருந்து கொடுக்க அடிவாரக் கூடாரத்துக்கு மாற்றப்பட்ட சூசைமாணிக்கம் அவர்களைத்தான் அவர் சொன்னார். ராயப்பன்பட்டியில் இருக்கும் தாயாருக்குக்கூட மகனின் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

துக்கத்தை மட்டும் எழுதி முடித்திருப்பேன். ஆனால் சென்ற வாரம் மதுரையிலிருந்து அந்த வைத்திய மாதப் பத்திரிகை வந்தது. அதில் அவருக்கு ஒரு பக்கம் முழுக்க அஞ்சலி. மலைவேர்க் கஷாயம் குளிர்காய்ச்சலைத் தீர்க்கும் என்று நிரூபித்த மேதை என்று புகழ்ந்து, அவருடைய பழைய கட்டுரையையும் மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். எந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதற்காக அவர் அலைந்தாரோ, அவமானப்பட்டாரோ, அதே கட்டுரையை. இனி அவர் மறுத்துப் பேச வரமாட்டார் என்று தெரிந்துகொண்டு. நான் அந்நாளில் அப்பத்திரிகையின் துணைப் பத்திராதிபராக இருந்தவன். அவரை அறிந்த உங்களுக்கு நடந்ததைச் சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை.

அந்தக் கட்டுரையை அவர் பொய்யாக எழுதவில்லை. தை, மாசி மாதங்களில் ராயப்பன்பட்டியில் காய்ச்சல்காரர்களுக்குக் கஷாயம் கொடுத்தார். பெரும்பாலோர் எழுந்து நடமாடினார்கள். கண்டதை எழுதி அனுப்பினார், நாங்கள் வெளியிட்டோம். அடுத்த மாதமே மதுரை வியாபாரி ஒருவர் அந்தக் கஷாயத்தைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். புட்டியின் மேல் சூசைமாணிக்கத்தின் பெயர், எங்கள் பத்திரிகையின் பெயர். பத்திரிகையின் பின்னட்டையில் மாதந்தோறும் அந்த வியாபாரியின் விளம்பரம்.

மழைக்காலத்தில் காய்ச்சல் முழு வேகத்தோடு பள்ளத்தாக்கில் இறங்கியபோதுதான் சூசைமாணிக்கத்துக்கு உண்மை புரிந்தது. கஷாயம் குடித்தவர்கள் நடுங்கியபடியே கிடந்தார்கள். அவர்களுக்கே ஆசுபத்திரியின் கொயினா மருந்தைக் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது. தை, மாசியில் காய்ச்சல் தானாகவே தணிகிற பருவம். தணிந்ததைத் தம் மருந்தின் குணம் என்று எண்ணிவிட்டோம் என்று கண்டுகொண்டார்.

அந்த நாட்களில்தான் மரியாயி என்ற பெண் ஆசுபத்திரிக்கு வந்தார். அணை வேலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கிவந்த அவருடைய கணவர், புட்டிக் கஷாயத்தை நம்பிக் கொயினா வேண்டாமென்று சொல்லி, இறந்துபோயிருந்தார். அந்தப் பேச்சை சூசைமாணிக்கம் பிறகு என்னிடம் ஒரு சொல் மாறாமல் சொன்னார்.

"நீங்கதான எழுதுனீக?" என்று கேட்டாராம் மரியாயி.

"நாந்தான் ஆத்தா."

"அச்சுல வந்திருக்குன்னு வாசிச்சுக் காமிச்சாக. அச்சுல வந்தா நெசம்னுதான அவுக குடிச்சாக?"

"நான் எழுதுனது தப்பு ஆத்தா."

"அத யார்கிட்டச் சொல்றீக? அவுக போயிட்டாக. இன்னும் குடிக்கிறாகள்ல, அவுககிட்டச் சொல்லுங்க."

மறுநாளே அவர் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அம்மையநாயக்கனூர் போய், ரயிலேறி மதுரை வந்தார். வேட்டியில் வழிச்சேறு படிந்திருந்தது. பத்திராதிபர் நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, சிரித்துப் பேசினார்.

"டாக்டர், தவறு என்று நாமே எழுதினால் நம்மை யார் மதிப்பார்கள்? மேலும் ஆராய்ந்தபோது சில புதிய செய்திகள் தெரியவந்தன என்று இன்னொரு கட்டுரை எழுதுங்கள். பக்குவமாக முடித்துவிடலாம்."

"புதுக் கட்டுரை வேண்டாம். பழையது தவறு, திரும்பப் பெறுகிறேன் என்று போடுங்கள். அது வந்த இடத்தில், அதே அளவு எழுத்தில்."

"ஒரு வைத்திய வித்துவானிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கிறேன்."

"கேளுங்கள். ஆனால் புட்டி விற்கிற வீட்டில் கேட்காதீர்கள்."

பத்திராதிபரின் சிரிப்பு அதோடு நின்றது. அவர் கருத்துக் கேட்ட வித்துவான் அந்த வியாபாரியின் மைத்துனர். கஷாயம் குறைவற்றது, டாக்டருக்குத்தான் மனக்குழப்பம் என்று அவரிடமிருந்து பதில் வந்தது. நான் விடவில்லை. சூசைமாணிக்கத்தின் மறுப்பை நானே பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். பத்திரிகை வெளிவந்தபோது அந்த இடத்தில் கஷாய விளம்பரம் இருந்தது. பத்திராதிபரிடம் போய்க் கேட்டேன். "பத்திரிகை நடத்துவது உமக்கென்ன தெரியும்?" என்றார். அன்றே வேலையை விட்டு ஊர் திரும்பினேன்.

எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். அறியாமல் பிழை செய்தவர் ஒருவர். அறிந்தே அந்தப் பிழையை மாதாமாதம் விற்றவர்கள் பலர். வெட்கப்பட்டவர் மட்டும் அந்த ஒருவர். வைத்தியப் பத்திரிகையில் வருவதை ஒரு குடியானவர் தம் உயிரைக் கொடுத்து நம்புகிறார் என்ற நினைப்பு, அந்த மதுரைப் பத்திரிகை அலுவலகத்தில் ஒருவருக்கும் வரவில்லை.

பிறகு அவர் செய்ததை உங்களில் பலர் கண்ணால் பார்த்தீர்கள். ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் கோயிலைவிட்டு வெளியே வரும்போது வாசலில் நின்று, "கஷாயத்தைப் பத்தி நான் எழுதுனது தப்பு, காய்ச்சலுக்குக் கொயினா வாங்கிக்கங்க" என்றார். சின்னமனூர்ச் சந்தையில் சொன்னார். மார்க்கையன்கோட்டைக் களத்துமேட்டில் கதிரடித்துக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார். அங்கே ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "அன்னைக்கு ஒண்ணு சொன்னீக, இன்னைக்கு ஒண்ணு சொல்றீக. நாளைக்கு என்ன சொல்லுவீக?" என்று கேட்டார். சூசைமாணிக்கம் கோபிக்கவில்லை. "நாளைக்கும் தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கும் வந்து சொல்லுவேன்" என்றார். பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தம் பேரனுக்குக் கொயினா கேட்டு வாங்கினார்.

எல்லோரும் அப்படி வாங்கவில்லை. படித்தவர்கள் சிலர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். தம் வியாபாரத்தைக் கெடுக்கிறார் என்று வியாபாரி மேலதிகாரிக்கு மனுப்போட, விசாரணை ஏதுமின்றி மாற்றல் உத்தரவு வந்தது. நான் கொதித்துப்போய், எதிர்த்து எழுதச் சொன்னேன். "காய்ச்சல் அங்கேதானே அதிகம்? கஷாயம் குடிப்பவர்களும் அங்கேதான் அதிகம். போகிறேன்" என்றார். போன இடத்தில் வாந்திபேதி பரவியது. நோயாளிகளை விட்டு அவர் இறங்கிவரவில்லை.

அன்பர்களே, அவர் மேதை அல்லர். அப்படிச் சொல்வதை அவர் பொறுத்திருக்கமாட்டார். முன்கோபி, தம்மிடம் மாறுபடுகிறவரைப் பாதிப் பேச்சில் வெட்டிவிடுவார். ஆனால் தாம் கண்டது தவறு என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட அதை நியாயப்படுத்திப் பேசி நான் கேட்டதில்லை. "நான் எழுதினது தப்பு" என்று சொல்லும்போது அவர் குரல் தாழாது, கண் தரையைப் பார்க்காது. அந்தக் குரலை நான் வைத்துக்கொள்கிறேன். அவருடைய மறுப்பை அச்சிட இப்போது என்னிடம் பத்திரிகை இல்லை. ஆகவே இதைப் படிக்கிறவர்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்: மலைவேர்க் கஷாயம் குளிர்காய்ச்சலைத் தீர்க்காது. தீர்க்கும் என்று எழுதிய சூசைமாணிக்கமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.