என் சாட்சியைச் சொன்னவன்

ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை செய்கிறேன். நான் குடியை விட்ட கதையைக் கூச்சத்தால் சபையில் சொன்னதேயில்லை. என்னோடு ஜெபிக்கும் நண்பன் தாமஸிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

நேபாளத்துக்கு மிஷனரியாக ஒருவரை அனுப்ப எங்கள் சபை முடிவெடுத்தது. விரும்புகிறவர்கள் ஆராதனையில், கர்த்தர் தங்களை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்ல, சபை கைதூக்கித் தேர்ந்தெடுக்கும். தாமஸ் எழுந்தான். குடிக்க மகளின் ஸ்கூல் பையை விற்றதையும், மறுநாள் அவள் மஞ்சள் பையில் புத்தகம் கொண்டுபோனதையும் தன் கதையாகச் சொன்னான். சபையே அழுதது.

"இன்னாங்க, இது நம்ம வூட்டுக் கதையாச்சே!" என்றாள் மனைவி.

"கம்முனு இரு" என்றேன். எல்லோரோடும் நானும் கைதூக்கினேன்.

வெளியே தாமஸ் என் கையைப் பிடித்தான். "கோச்சுக்காதண்ணே. நீ எப்பவும் சொல்லப் போறதில்ல. சும்மாதானே கெடந்துச்சி?"

நேபாளம் போன அவனைத் தாங்க மாதந்தோறும் எடுக்கும் காணிக்கையில் நானும் போடுகிறேன். இப்போது எழுந்து பேசக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால், தாமஸின் சாட்சியைத் திருடிவிட்டேன் என்பார்கள்.