பொன்னியம்மாவின் சுகர் மாத்திரை

பொன்னியம்மாவுக்கு சுகர் கிடையாது. ஆனால் கோவில்பதாகையில் அவள் குடியிருக்கிற தெருவில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். கல்யாணப் பந்தியில் அவள் இலைக்கு மட்டும் ஜாங்கிரி வராது. எதிர்வீட்டுக்காரி பாகற்காய் வாங்கினால் நாலு கொண்டுவந்து நீட்டுவாள். ஜாங்கிரி என்றால் உயிரை விடுகிற பொம்பளை, பாவம், பாகற்காயை வாங்கிக்கொண்டு சிரிப்பாள். பொய்க்கும் பத்தியம் உண்டு போலிருக்கிறது.

அவள் ராத்திரி சாப்பிட்டானதும் போடுகிற மாத்திரை வேறு. அது குரல் கேட்பதற்கான மாத்திரை.

குரல் அவள் தம்பி உதயகுமாருடையது. அவன் செத்துப் பல வருஷமாகிறது. விளக்கு வைக்கிற நேரத்தில், பின்னாடி ரூம் பக்கத்திலிருந்து வரும். "யக்கா, கதவத் தொற." அவ்வளவுதான். கத்த மாட்டான், திட்ட மாட்டான். ஒரு சொம்புத் தண்ணி கேட்கிற மாதிரி கேட்பான்.

உயிரோடு இருந்த காலத்தில் அவன் மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். கெட்டிக்காரன். திடீரென்று ஒருநாள், பஸ்ஸில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். அப்புறம் வேலைக்குப் போகவில்லை. அப்புறம் சுவரோடு பேச ஆரம்பித்தான். நம்ம ஜனங்களுக்குக் கேட்கவா வேண்டும்? "லூசு ஊடு" என்று பேர் வைத்தார்கள். "கீழ்ப்பாக்கம் கேஸு" என்றார்கள். கோயிலில் எலுமிச்சம்பழம் அறுத்தார்கள், கயிறு கட்டினார்கள். டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று ஒரு வாயும் சொல்லவில்லை. கடைசியில் பொன்னியம்மாவும் அவள் அம்மாவும் சேர்ந்து பின்னாடி ரூமுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று தெருவுக்குச் சொன்னார்கள். தெருவும் நம்பியது.

ஒரு மழைநாளில் அம்மா தாழ்ப்பாளை மறந்துவிட்டாள். ஏரிப்பக்கம் போனவனை மறுநாள்தான் பார்த்தார்கள். திருப்பூரிலிருந்து வந்த அன்றைக்கே தண்ணீரில் விழுந்துவிட்டான் என்று அதற்கும் ஒரு பொய். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, மகள் சுவேதாவோடு பொன்னியம்மா அந்த வீட்டுக்கே திரும்பக் குடிவந்தாள். தாழ்ப்பாள் மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கழற்றவும் பயம், பார்க்கவும் பயம்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் அவளுக்குச் சமையல் வேலை. ஒருநாள் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவன் கூப்பிட்டான். சடாரென்று திரும்பியவள் கையில் கொதிக்கிற சாம்பார் கொட்டிவிட்டது. வீட்டில் கூப்பிட்டவன் வேலை செய்கிற இடத்துக்கும் வந்துவிட்டானே என்று அன்றைக்குத்தான் அவள் நிஜமாகப் பயந்தாள். டிஸ்பென்சரியில் கட்டுப் போட்ட நர்ஸ் ஜெபா, "எப்படிம்மா கொட்டுச்சு?" என்று கேட்டாள்.

"கூப்ட்டாங்க, திரும்பினேன்."

"யாரு கூப்ட்டா?"

பொன்னியம்மா அழுதாள். ஜெபா அதற்குமேல் நோண்டவில்லை. கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வருகிற நாளைச் சொல்லி, தானே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். டாக்டர் எல்லாம் கேட்டார். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சாம்மா?"

"யாருமில்ல சார்," என்றாள்.

மாத்திரை வேலை செய்தது. குரல் தூரத்தில் போனது, போகப்போகத் தேய்ந்தது. ஆனால் முழுசாக விடவில்லை. சுவேதா ஆவடியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள், கல்யாண வயசு. பெண் கேட்டு வருகிறவன் ஜாதகத்துக்கு முன்னால் கேட்பது, குடும்பத்தில் பைத்தியம் உண்டா என்பதைத்தான். அதனால் பொன்னியம்மா மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு காலிப் பெருங்காய டப்பாவில் போட்டுக்கொண்டாள். பெற்ற மகளிடமே சுகர் என்றாள்.

பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளுக்கு நிஜமாகவே சுகர். தெருவில் எல்லோருக்கும் அவள் பெரீம்மா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் வெள்ளானூர் வரைக்கும் தெரிந்த மாதிரி. அப்படி ஒரு தொண்டை. அந்தத் தெருவில் காப்பித்தூள் கைமாத்து, கேஸ் சிலிண்டர் கைமாத்து, மாத்திரையும் கைமாத்துதான். தலைவலிக்கும் பிரஷருக்கும் ஒரு வீட்டு மாத்திரையை இன்னொரு வீடு முழுங்கும். யாரும் பேர் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை பொன்னியம்மா நைட் ஷிஃப்ட் போயிருந்தாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், வேம்புலியம்மாள் வீட்டு வாசலில் கோலம் இல்லை. கூட்டம் இருந்தது.

"பாத்ரூமாண்ட விழுந்து கெடந்துச்சிம்மா," என்றாள் சுவேதா. "எய்ந்து குந்தவே முடியல. நாக்கு கொயறுது, கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

உள்ளே வேம்புலியம்மாள் பாயில் கிடந்து எதையோ முனகிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். "உதயா... உதயா..." என்றுதான் கேட்டது. ஒருத்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அந்த ஏரியில போன பையன் புட்ச்சிகினான்," என்றாள். பூசாரியைக் கூப்பிட ஆள் போய்விட்டது. வேப்பிலை ஒடிக்க இன்னொருத்தி போனாள்.

பொன்னியம்மா சுவேதாவைத் தனியே இழுத்தாள். "பெரீம்மா நேத்து இன்னா துன்னுச்சி?"

"எப்பவும் துன்றதுதான். மாத்திரை தீந்துபோச்சாம். உன் சுகர் மாத்திரைல ரெண்டு குடுன்னுச்சி, குடுத்தேன்."

பொன்னியம்மா வீட்டுக்கு ஓடி டப்பாவைத் திறந்து பார்த்தாள். அவளே ராத்திரிக்கு ஒன்றுதான் போடுவாள். ஆரம்பத்தில் பாதி போட்டதற்கே அவளுக்குத் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த ஞாபகம் வந்தது. வேம்புலியம்மாளுக்கு வயசு அறுபதுக்கு மேல், உடம்பில் சுகர் வேறு. பூசாரி வந்து வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், உயிரும் போய்விடும்.

விளக்கு வைக்கிற நேரம் இல்லை, பட்டப்பகல். ஆனாலும் பின்னாடி ரூமிலிருந்து வந்தது.

"சொல்லாத யக்கா. என்னியப் பூட்டுன மாதிரி ஒன்னியயும் பூட்டிடுவாங்க."

இத்தனை வருஷத்தில் அவன் கதவைத் தவிர வேறு பேசியதில்லை. அவன் சொல்வதில் என்ன பொய்? பூட்டத்தானே பூட்டினார்கள், அவளே பூட்டினாளே. தாழ்ப்பாளைப் பார்த்தாள். டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பூட்டட்டும்டா," என்றாள். வெளியே வந்தாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பெரீம்மா என் மாத்திரையத் துன்னுகீது. அது சுகர் மாத்திரை இல்ல."

"பின்ன இன்னா மாத்திரை?" என்றான் ஆட்டோ ஓட்டுகிற துலுக்கானம்.

"மனசு சரியில்லாததுக்குப் போடறது. எனக்குக் கொரல் கேக்குது. செத்துப்போன என் தம்பி கூப்புட்றான். டாக்டராண்ட காட்டிகினு கீறேன்."

சுவேதா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். துலுக்கானம் மட்டும் ஒரு சிரிப்புச் சிரித்தான். "அப்ப நீயும் கீழ்ப்பாக்கமா?"

"ஆமா. ஆட்டோவ எடு."

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டரம்மா டப்பாவை வாங்கிப் பார்த்தாள். பொன்னியம்மா மாத்திரையின் பேரைச் சொன்னாள். அட்டையைத் தூக்கிப் போட்டாலும் பேரை மனப்பாடமாக வைத்திருந்தாள். ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கியிருந்தது. சலைன் ஏற்றி, சாயங்காலம் வரைக்கும் பக்கத்திலேயே இருந்து பார்த்தார்கள். "பக்கவாதம்னு நெனச்சு எங்கெங்கேயோ ஓடியிருப்போம். நல்ல வேளை சொன்னீங்க," என்றாள் டாக்டரம்மா. அவள் இதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. ஜுரத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

வேம்புலியம்மாள் பிழைத்தாள். ஆனால் தெரு சும்மா விடுமா? பொன்னியம்மா தண்ணிக் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. பாகற்காயும் நின்றது. கோலம் போடுகிறவர்கள் தலை நிமிரவில்லை. சுவேதா ஒருநாள் பூரா முகம் கொடுக்கவில்லை. மறுநாள் சாப்பாடு போடும்போது, "எங்கிட்டகூட ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். அம்மாவும் மகளும் சேர்ந்து அழுதார்கள். சாயங்காலமானால் குரல் முன்னைவிடப் பக்கத்தில் கேட்டது. சொல்லாதே என்று அவன் சொன்னது சரிதானோ என்று அவளுக்குப் பட்டது.

வேம்புலியம்மாள் உடம்பு தேறி ஒருநாள் வந்தாள். வாசப்படியில் குந்தினாள். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பிரித்தால் ஜாங்கிரி.

"சுகருதான் இல்லியே, துன்னு," என்றாள்.

பொன்னியம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணி வந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டாள்.

வேம்புலியம்மாள் அன்றைக்கு ரொம்பச் சின்னக் குரலில் பேசினாள். அந்தத் தொண்டைக்கு அப்படியும் பேச வரும் என்று யாருக்குத் தெரியும்? "உன் தம்பி திருப்பூர் போயிட்டான்னு நீங்க சொன்னீங்களே. அப்பவே எனக்குத் தெரியும்மே. என் ஊட்டு செவுரு, உன் ஊட்டு பின்னாடி ரூம் செவுரு, ஒண்ணுதான? உன் ஊட்ல ஆளில்லாத நேரத்துல தட்டுவான். 'பெரீம்மா, கதவத் தொற'ம்பான்."

பொன்னியம்மா கையில் ஜாங்கிரி அப்படியே நின்றது.

"ஊருக்கே வாய் தொறக்கறவ, அதுக்கு மட்டும் தொறக்கல. பக்கத்து ஊட்டு மானம், நமக்கு இன்னாத்துக்குன்னு பாய செவுத்தாண்டேந்து தள்ளிப் போட்டுகினு படுத்தேன். அவன் செத்த நாள்லேந்து எனக்குத் தூக்கம் கெடயாது. நானும் கேட்டுகினேதான் கீறேன். செவுத்தத் தட்றான், தட்றான். அன்னிக்கு உன் மாத்திரையத் துன்னப்பதான் தூங்கினேன். என்னியயும் அந்த டாக்டராண்ட இட்டுகினு போ."

டாக்டர் வருகிற நாளில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். துலுக்கானம் ஆட்டோவை நிறுத்தி, "இன்னா ஜோடியா? எங்க?" என்றான். வேம்புலியம்மாள் தன் பழைய தொண்டையை எடுத்தாள். "மனசு டாக்டரப் பாக்க! எனக்கும் சரியில்ல, இவளுக்கும் சரியில்ல. உனக்கு எப்டி, வர்றியா?" பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. துலுக்கானம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

டாக்டர் பொன்னியம்மாவின் பழைய சீட்டைப் புரட்டினார். குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே, "சார், மொத நாளு நீங்க ஒண்ணு கேட்டீங்க, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னு," என்றாள்.

"ஆமா. யாருமில்லன்னீங்க."

"இருந்தான் சார். என் தம்பி. பேரு உதயகுமார். நாங்கதான் பூட்டி வெச்சோம்."