பாலாற்று மணலில் என் சக்கரத் தடம்

1974 மே 12, ஞாயிறு, பகல் பன்னிரண்டு பத்து, காற்று துளியும் இல்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான், நீங்களும் எழுந்து போகலாம், ஆனால் நடந்தது இதுதான்.

செங்கல்பட்டிலிருந்து ராமேஸ்வரம் வரை சைக்கிளில் போவதாக நானும் என்னோடு வேலை பார்த்த ஏழுமலையும் கிளம்பியிருந்தோம். மாமல்லபுரத்தில் பழைய கடலோரப் பாதையைப் பிடித்தோம். அந்தக் காலத்தில் யாத்திரைக்காரர்களும் உப்பு வண்டிகளும் போன பாதை, சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் வெறும் மணல். வறண்ட பாலாற்றை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்து நாற்பது பனைமரம் எண்ணியிருப்பேன், ஏழுமலை ஒரு பனையடியில் சுருண்டுவிட்டான். உடம்பு கொதித்தது, வியர்வை இல்லை. இரண்டு பாட்டிலும் காலி.

"போய்த் தண்ணி கொண்டாடா மச்சான், மரத்த அப்பால எண்ணிக்கலாம்" என்றான்.

தெற்கே மணலில் ஒரு சைக்கிள் தடம் தெரிந்தது. ஆள் போன வழியில் ஊர் இருக்கும் என்று அதன் மேலேயே மிதித்தேன், தடம் விழுந்த மணல் இறுகியிருக்கும், சக்கரம் புதையாது. கொஞ்ச தூரம் போனபின்தான் கவனித்தேன், ஏழடிக்கு ஒரு முறை தடத்தின் குறுக்கே மூன்று தையல் வடு. என் பின் டயர் கிழிந்து, செருப்புத் தைப்பவரிடம் மூன்று தையல் போட்டிருந்தேன். இறங்கித் திரும்பிப் பார்த்தேன். நான் வந்த தடமும் முன்னால் கிடந்த தடமும் ஒன்று. அந்தப் பக்கம் அதற்குமுன் நான் போனதே இல்லை, நம்பினால் நம்புங்கள்.

தடம் ஓர் ஊற்றுக்குழியில் கொண்டுபோய் விட்டது. பாட்டில்களை நிரப்பினேன். குழியைத் தாண்டியும் அது போயிற்று, தூரத்தில் தெரிந்த குப்பத்தை நோக்கி, ஆனால் அங்கிருந்து ஆழம் இரண்டு மடங்கு. விரலை விட்டே பார்த்தேன். பின்னால் ஆள் உட்கார்ந்த கனம். பாதி வழியில் கிழக்கே திரும்பி நேராகக் கடலுக்குள் இறங்கியிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

தண்ணீர் உள்ளே போனதும் ஏழுமலை கண் திறந்தான். என் கேரியரைப் பிடித்தான்.

"ஏத்திக்கினு போடா, காலு நிக்கல."

"நட."

"இன்னாடா வெளையாடுற? சாவடிக்கப் பாக்குறியா?"

"நடடா."

காரணம் சொன்னால் சிரிப்பான் என்று சொல்லவில்லை. ஊற்றுக்குழிக்கு வந்தபோது அந்த ஆழத் தடம் அங்கே இல்லை. காற்றே அடிக்கவில்லை, எப்படி அழியும்? அப்போதும் நான் அவனை ஏற்றவில்லை. ஒன்றரை மைல் நடந்தான், திட்டிக்கொண்டே, பிறகு அழுதுகொண்டே. ஒன்பது தரம் விழுந்தான். குப்பத்துக்காரர்கள் ஓடிவந்து கட்டிலில் போட்டுத் தூக்கிப் போனார்கள்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் என்னோடு மறுபடி பேசவில்லை. முடியாதவனை வெயிலில் நடக்கவிட்ட பாவி என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னான். ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன். ஒன்றுமே ஆகியிருக்காதோ என்று தோன்றும்போதுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

டாக்டர், குளுக்கோஸ், இருவருக்கும் பஸ், இரண்டு சைக்கிளுக்கும் சுமைக்கூலி, எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு ரூபாய் அறுபது காசு.