குழலுக்குத் தந்த முடிவு

மாங்குளத்தில் ஒரு சங்கீத ரீச்சர் இருந்தா. மெலிந்த மனுசி, வெள்ளைத் தலை. வயலின், வீணை, குழல் மூன்றும் சேர்ந்து வாசிக்கச் சொந்தமாக இசை எழுதுவா. நாங்கள் மூன்று பேரும் அவாவின் விறாந்தையில் பழகுவோம். வயலின் கொஞ்சம் பிசகினாலும் உடனே நிறுத்துவா. நான் குழலில் உச்சத்துக்குப் போனால் மட்டும் நிறுத்தாமல் என் விரல்களையே பார்ப்பா.

ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

"சண்டையில பக்கத்தில ஷெல் விழுந்து வெடிச்சதில இருந்து மேல் சத்தம் எனக்குக் கேக்கிறேல்லை, தம்பி."

"பிறகேன் ரீச்சர், முடிவைக் குழலுக்குத் தந்தனீங்கள்?"

"சனத்துக்குக் கேக்கும்தானே."

முல்லைத்தீவில் அதை மேடையேற்றினோம். கடைசியில் குழல் மட்டும் உச்சத்தில் தனித்தது. நன்றாகக் கேட்கவென்று யாரோ எழும்பி மின்விசிறியை நிற்பாட்டினார். என் மூச்சு முடிந்து குழல் ஓய்ந்துவிட்டது. மேடையோரத்தில் ரீச்சர் இன்னும் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றா. குழலை இறக்க எனக்கு மனம் வரவில்லை.