உறவுக்காரர்கள் போட்ட நட்சத்திரம்

ஆனைமலைக்குப் பக்கத்தில், எங்கள் தென்னந்தோப்புக்குள் இருந்த வீட்டைச் சீர்செய்து, வெளியூர்க்காரர்கள் தங்கும் ஹோம்ஸ்டேயாக மாற்றியது என் பிடிவாதம். என் வீட்டுக்காரருக்கு அதில் விருப்பமே இல்லை. ஆள் வராவிட்டால் பொங்கலுக்குப் பிறகு தேங்காய் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று முன்பே சொல்லிவிட்டார். நானும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டேன்.

புக்கிங் தளத்தில் ரிவ்யூ இல்லாத வீட்டை யார் தேடி வருவார்கள்? உடுமலைப்பேட்டையில் இருக்கும் நாத்தனாரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவள் சொந்தபந்தம் முழுவதையும் கிளப்பிவிட்டாள். பார்த்தால் பக்கம் நிறைய ஐந்து நட்சத்திரம். "எங்கண்ணன் ஊடுதானுங்க, நம்பிப் போங்க" என்று அவள் எழுதியிருந்தாள். "எங்க மச்சான் தோப்புங்க" என்று இன்னொருவர். ஒருவர்கூட அங்கே தங்கியதில்லை. எங்கள் பக்கம் பெண் பார்ப்பதானாலும் மாடு வாங்குவதானாலும் அது யார் வீடு என்றுதான் முதலில் கேட்போம். உறவைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஜாமீன் கிடையாது. எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை, பூரித்துப்போனேன்.

அந்த நட்சத்திரங்களைப் பார்த்து ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்தார்கள். சிரித்துப் பேசித்தான் கிளம்பினார்கள். ஊருக்குப் போனதும் எங்கள் ரிவ்யூக்களைப் போனில் மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார்கள். "இடம் அழகு. ஆனால் இங்கே பாராட்டியிருப்பவர்கள் அத்தனை பேரும் குடும்பத்தார். நம்ப வேண்டாம்" என்று எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார்கள். எங்களுக்கு ஜாமீனாக இருந்தது அவர்களுக்கு மோசடியாகப் பட்டிருக்கிறது. அதன் பிறகு புக்கிங் நின்றே போனது.

வீட்டுக்காரர் சொன்னபடியே குடோன்காரரைக் கூட்டிவந்து இடத்தை அளக்க வைத்தார். அன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அம்மணி, நீங்கெல்லாம் எழுதுனதை எடுத்துப்போடுங்க."

"ஏனுங்க அண்ணி, நாங்க என்ன பொய்யா சொன்னோம்? சொந்தம்னு சொன்னா தப்புங்களா?"

"தங்காமச் சொன்னதுதான் தப்பு. வந்து தங்கு. தங்கிப்போட்டு உள்ளதை எழுது."

கோபித்துக்கொண்டுதான் போனை வைத்தாள். ஆனாலும் எல்லாரையும் எடுக்க வைத்தாள். அந்தச் சனிக்கிழமையே குடும்பத்தோடு வந்து இறங்கினாள். உள்ளதை எழுதட்டும் என்று தனி உபசாரம் எதுவும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஊர் திரும்பியதும் எழுதினாள்: "எங்கண்ணன் ஊடுதானுங்க. அதுக்காக மறைக்க முடியாது. காத்தும் சாப்பாடும் அருமைங்க. காலைல வெந்நீர் வரலைங்க. பாத்ரூம் தாழ்ப்பாள் நிக்கறதில்லைங்க." கீழே மூன்று நட்சத்திரம்.

மூன்றா! என் கையால் சாப்பிட்டுவிட்டு மூன்றா! கூப்பிட்டுச் சண்டை போடலாமா என்றிருந்தது. போடவில்லை. ஆளை வரவழைத்து ஹீட்டரை மாற்றினேன், தாழ்ப்பாளை மாற்றினேன். அவள் எழுதியதற்குக் கீழேயே, சரிசெய்துவிட்டோம் என்று பதிலும் போட்டேன்.

குடோன்காரர் அட்வான்ஸோடு வருவதாக இருந்த வாரத்தில், சென்னையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "அண்ணன் வீடுன்னு ஒருத்தங்க எழுதியிருக்கிறதைப் படிச்சேன். சொந்தத் தங்கச்சியே குறையைச் சொல்றாங்கன்னா, சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்றதும் நிஜமாத்தான் இருக்கும். பொங்கலுக்குக் குடும்பத்தோட வரலாமா?"

வரச் சொல்லிவிட்டு நேரே வீட்டுக்காரரிடம் போனேன்.

"அந்தக் குடோன்காரரை வேற எடம் பாக்கச் சொல்லிப்போடுங்க. நம்மூட்டுக்கு ஆளு வருதுங்க."